படகுக்கு ஒரு எண்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் படித்த மெர்சி எனக்குச் சொன்னாள். அவள் சொன்ன அளவுக்கே எழுதுகிறேன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பேச்சிமுத்து என்றொரு ஃப்ளெக்ஸ் கடைக்காரர். நாற்பதைத் தாண்டிய பிறகு, இணையப் பக்கங்களுக்கு நிறமும் அளவும் வடிவமும் கொடுக்கும் சிஎஸ்எஸ் கற்க அந்த மையத்தில் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த சபீனா அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் பேச்சிமுத்து வாயில் ‘டீச்சர்’ தவிர வேறு சொல் வராது.

ஐப்பசி மழை வலுத்தது. வெள்ள உதவிக்கு ஒரு பக்கம் செய்து தரும்படி ஊர்ச் சங்கம் அவரிடம் கேட்டது. பொழுது சாய்வதற்குள் அது எல்லார் போனுக்கும் போயாக வேண்டும். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மையத்துக்கு ஓடி வந்தார்.

“டீச்சர், படகைக் கூப்பிடுற போன் நம்பர் மட்டும் பெருசாக மாட்டேங்கு. இம்பார்ட்டண்ட் போட்டும் கேக்கல.”

ஒரு விதியை மற்ற விதிகளுக்கு மேலே தூக்கி வைக்க, அதன் கடைசியில் எழுதும் சொல் அது.

“வேற எதுக்கெல்லாம் போட்டிருக்கீங்க அண்ணாச்சி?”

“தலைவர் பேருக்கு. செயலாளருக்கு. அரிசி கொடுத்தவருக்கு. அப்புறம், படகு நம்பர் இருக்கிற பெட்டிக்குள்ள எல்லா வரிக்கும் பொதுவா ஒண்ணு.”

“ஏன்?”

“ஃப்ளெக்ஸ்ல தாய்மாமன் பேரைச் சின்னதாப் போட்டு ஒரு கல்யாணமே நிக்கப் பாத்துச்சு டீச்சர்.”

சபீனா சிரித்துவிட்டார். பிறகு தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். பாட்டில் தண்ணீரைத் திரைமேல் தெளித்து, போனை அவர் கையில் கொடுத்தார்.

“உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. படகைக் கூப்பிடுங்க.”

பேச்சிமுத்துவின் கட்டைவிரல் ஈரத்தில் வழுக்கியது. தலைவர் சிவப்பில் போனார். செயலாளர் மஞ்சளில் போனார்.

“முழங்காலுக்கு ஏறிட்டு.”

“இங்கனதான் டீச்சர் வச்சேன்.”

“இடுப்புக்கு.”

“டீச்சர்!”

“பிள்ளையைத் தூக்கிக்கோங்க.”

அவர் தேடுவதை நிறுத்தினார். போனை வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்து, ஒவ்வொரு விதியிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்தார். ஒன்றில் மட்டும் விட்டுவைத்தார். அந்த வரியைப் பெட்டியின் உச்சிக்கு ஏற்றினார். படகு எண் திரையின் அகலத்துக்கு விரிந்தது.

“சாமி முன்னால நிக்கிற மாதிரி டீச்சர் முன்னால நின்னாரு” என்றாள் மெர்சி.

ஆனாலும் ஒரு கவலை அவருக்குப் போகவில்லை.

“தலைவர் பேரு பொடிசாப் போச்சே டீச்சர். கோவிப்பாரே?”

“அவர் வீட்டுலயும் தண்ணி வந்தா, எந்த வரியைத் தேடுவாருன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

பிற்பாடு அந்தப் பக்கத்தின் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். சந்தேகத்தில் இன்னொரு முறையும் பார்த்தேன். அந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது.