பி செக்‌ஷனுக்கு டேப்லெட் இல்லை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் ரெஹானா, கல்வித் தொழில்நுட்பத் துறைப் பேராசிரியர். சீடர் சவரிமுத்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியாள் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை சவரிமுத்து முகம் வாடிப்போய் வந்தார்.

"மேடம், என் ஆய்வு கவுந்துருச்சு."

ஆய்வு ஒன்றும் சிக்கலானதல்ல. ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்குக் கணக்குப் பாடம் டேப்லெட்டில். பி பிரிவுக்கு வழக்கம்போல் வாத்தியார். பிறகு இரண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. டேப்லெட்காரர்கள் முந்துவார்கள் என்று அவர் நம்பியிருந்தார். தேடித்தேடிப் படித்த புதிய ஆய்வுக் கட்டுரைகள் அந்த நம்பிக்கையைக் கொடுத்திருந்தன.

"ரெண்டு செக்‌ஷனும் ஒரே மார்க் மேடம். பி செக்‌ஷன் கொஞ்சம் கூடவே."

"நல்ல விஷயம்தானே சார்."

"என்ன மேடம் நீங்க. அடுத்த வாரம் கமிட்டி. ஏற்கெனவே காலநீட்டிப்பு வாங்கியாச்சு. இப்பவும் முடிவு இல்லேன்னா பதிவையே ரத்து பண்ணிருவாங்க."

சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். சொல்ல வந்ததே இனிமேல்தான் என்று ரெஹானாவுக்குப் புரிந்தது.

"பி செக்‌ஷன்ல நல்லா எழுதின அஞ்சாறு பேரைக் கணக்குல சேர்க்காம விட்டா என்ன மேடம்?"

ரெஹானா கோபப்படவில்லை. "யார் யாரு சார்? பேரைச் சொல்லுங்க."

"கதிரேசன். பிலோமினா. அப்புறம் நம்ம அப்பாஸ், போன வருஷம் வரைக்கும் பெருக்கலே வராது அவனுக்கு..." தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம் மேடம். விட்டுருங்க."

"சரி. பி செக்‌ஷனுக்கு அப்படி என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யல. எப்பவும் போலத்தான்."

"திங்கட்கிழமை நான் ஸ்கூலுக்கு வர்றேன்."

பரீட்சை முடிந்திருந்தாலும் வகுப்புகள் அதே ஏற்பாட்டில்தான் நடந்துகொண்டிருந்தன. பாடம், பின்னங்கள். ரெஹானா முதலில் ஏ பிரிவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையைத் தேய்த்தார்கள். சவரிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"சார், இது ஏன் சார் தலைகீழா வருது?"

"டேப்லெட்லயே இருக்கும்மா. திரும்பப் போட்டுப் பாரு."

கருவியின் பலன் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும், ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்பது விதி. மனிதர் அந்த விதியை விரதம்போலக் காத்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அடுத்த பாடவேளை பி பிரிவு. உள்ளே நுழைந்ததுமே சவரிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டார். நாலு என்று எழுதிய அட்டையோடு கதிரேசன் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். ஏழு என்ற அட்டையோடு அப்பாஸ் கீழே தரையில். நாலின் கீழ் ஏழு.

"சார், எப்பவும் நான்தான் கீழயா?" என்றான் அப்பாஸ்.

"நீ மேல ஏறு. அவன் கீழ வரட்டும். இப்ப என்னடா ஆச்சு?"

"தகா பின்னம் சார்," என்றது வகுப்பு மொத்தமும்.

"ஏன்?"

ஏன் என்று சொல்ல ஆளுக்கொரு பக்கம் எழுந்தார்கள். மணி அடித்தது. யாரும் கவனிக்கவில்லை, சவரிமுத்து உள்பட.

ஆசிரியர் அறையில் டீ வந்தது.

"சார், இதுதான் எப்பவும் போலவா?"

சவரிமுத்து டம்ளரை உள்ளங்கைகளுக்குள் உருட்டினார். "முன்னாடியெல்லாம் இவ்வளவு இல்ல மேடம். அவங்களுக்கு டேப்லெட் கிடையாது. பக்கத்து கிளாஸை ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்த்தாங்க. மனசு கேக்கல. என்னால ஆனதைச் செய்வோமேன்னு..."

தான் செய்தது என்னவென்று அவருக்கே அப்போதுதான் விளங்கியது. ஒரு பிரிவுக்குக் கருவியைக் கொடுத்தார். ஒன்றும் கொடுக்கக் கூடாத இன்னொரு பிரிவுக்குத் தன்னையே கொடுத்திருந்தார்.

"அப்ப எல்லாம் போச்சா மேடம்?"

"ஒண்ணும் போகல. ரெண்டு கிளாஸ்லயும் நடந்ததை நடந்தபடி எழுதுங்க. கமிட்டியில நான் பேசிக்கறேன். எனக்கே இதைப் படிக்க ஆசையா இருக்கு."

சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று டீயைக் குடித்துச் சமாளித்தார். போன உயிர் திரும்பி வந்ததும் கூடவே வாத்தியாரும் திரும்பி வந்துவிட்டார். பேனாவைத் திறந்தார்.

"ஆய்வின் குறைகள்னு ஒரு பகுதி வரும்ல மேடம். அதுல பி செக்‌ஷன்ல நான் செஞ்ச தப்பை மறைக்காம எழுதிடறேன்."

"எழுதுங்க சார். ஆனா தப்பு நடந்தது ஏ செக்‌ஷன்ல."