மூலையில் விழுந்த இடி

மலையடிவாரத்து மடத்தில் மணிக்கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு மாடி உயரம், உச்சியில் அகலமான சதுர மாடி. வேலை முடியும் தறுவாயில் ஒரு மாலை மழை கூடியது. ஈரப் பூச்சை மூடுவதற்குத் தார்ப்பாயோடு மேலே போன கொத்தனார் பலவேசம், தென்கிழக்கு மூலையில் இடி விழுந்து செத்துப்போனார்.

அன்று காலையில்தான் அவர் பெண்சாதி வடிவு, "உன் தலையில இடி விழ!" என்று திட்டி அனுப்பியிருந்தாள். பெண்சாதி புருஷனைத் திட்டாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? அவளுக்கு அது தினமும் வாயில் வருகிற சொல்தான். ஆனால் தெருவே கேட்டிருந்தது. சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்களும் அதையே குசுகுசுவென்று பேசினார்கள். வடிவு சோறு தண்ணியில்லாமல் சுவரோரம் கிடந்தாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரி மடத்துக்கு வந்து அழுதாள்.

மணிக்கூண்டு வேலையைப் பார்த்துக்கொண்டவர் தாண்டவமூர்த்தி. மடத்துக்குச் சீடராக வருமுன் இன்ஜினீயராக இருந்தவர். குருவான சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

பக்கத்து வீட்டுக்காரி போனதும் தாண்டவமூர்த்தி கேட்டார். "சாமி, வாய்ச்சொல் பலிக்குமா?"

சாமி அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போனார். வானம் கறுத்து உறுமிக்கொண்டிருந்தது. சாமி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"தாண்டவமூர்த்தி, உம்ம தலையில இடி விழ!"

சமையல்கட்டில் இருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப்பார்த்தார்கள். தாண்டவமூர்த்தி கூச்சத்தோடு சிரித்தார்.

"பயமாக இல்லையா?"

"இல்லை சாமி."

"சரி. இப்போது மணிக்கூண்டில் ஏறி அந்த மூலையில் போய் நில்லும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அங்கே வேண்டாம் சாமி."

"ஏன்? உச்சியில்தான் இடிதாங்கி வைத்திருக்கிறீரே."

"அது நடுவில் இருக்கிறது."

"நடுவில் இருந்தால்?"

தாண்டவமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "மாடி அகலம், இடிதாங்கிக் கம்பி குட்டை. மூலை வரைக்கும் அதன் காவல் எட்டாது. இந்த மாதிரிக் கட்டடத்தில் இடி பெரும்பாலும் மூலைகளைத்தான் பிடிக்கும். வரைபடத்தில் நாலு மூலைக்கும் கம்பி போட்டிருந்தது. கொம்பு முளைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும் என்று நான்தான் மாற்றினேன்."

"இதை என்னிடம் ஏன் சொல்கிறீர்? அந்த அம்மாளிடம் வந்து சொல்லும்."

"மடத்தின் பேர் கெட்டுப்போகும் சாமி."

"கெடட்டும்."

இருவரும் மழையில் நனைந்துகொண்டே போனார்கள். வடிவு அவர்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாண்டவமூர்த்தி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, கம்பியையும் மூலையையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீ திட்டினதால இல்லம்மா. நான் செஞ்ச தப்பு."

வடிவு மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"நெசமாத்தான் சொல்லுதியளா? இல்ல, நான் கெடக்க கெடயப் பாத்து ஆறுதலுக்குச் சொல்லுதியளா?"

ஆறுதலுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். தாண்டவமூர்த்திக்கும் அது தோன்றத்தான் செய்தது. சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசம்மா. சத்தியமா நெசம்."

"அப்ப நீதானா? அழகு பாத்தா எம் புருசனக் கொன்ன, பாவி!"

வடிவு நெஞ்சில் அறைந்துகொண்டு அலறினாள். முற்றத்து ஈரமண்ணை வாரி அவர்மேல் வீசினாள். அவர் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் அழுது ஓய்ந்து உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டுக்காரி கஞ்சிச் செம்பை நீட்டினாள். வடிவு விக்கிக்கொண்டே வாங்கிக் குடித்தாள்.

திரும்பும் வழியில் மடம் தெரிந்ததும் தாண்டவமூர்த்தி நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த அம்மா என்னை மன்னிக்கவே மாட்டாள் சாமி."

"கஞ்சி குடித்தாளா?"

"குடித்தாள்."

"அதற்குத்தானே போனோம்."