அண்ணாச்சியின் ஐம்பதாயிரம் பேர்

தென்காசி பேருந்து நிலைய மூலைக்கடை காலியானது. தள்ளுவண்டியில் இட்லி விற்கும் செண்பகமும் அதை வாடகைக்குக் கேட்டாள், ஓட்டல் முதலாளி தனகோபாலும் கேட்டார்.

“இன்ஸ்டாகிராமில் என் பின்னால ஐம்பதாயிரம் பேர்! உனக்கு?” என்றார் தனகோபால் அவளிடம்.

“வாட்ஸ்அப் குரூப்பில் நூறு பேர்தான், அண்ணாச்சி. இப்பவே ரெண்டு பேரும் கூப்பிடுவோம். யாருக்குக் கூட்டம் வருதோ, கடை அவங்களுக்கு.”

கட்டட உரிமையாளர் உலகநாதன் சம்மதித்தார்.

தனகோபால் தன் படத்தைப் போட்டு, இலவச அல்வா என்று அறிவித்தார். செண்பகம் குரலிலேயே செய்தி அனுப்பினாள்: “உமாக்கா, பூண்டில்லாத சட்னி உங்களுக்கு. பீட்டர் சார், அம்மாவுக்குக் குழைவா பொங்கல். மூலைக்கடைக்கு வாங்க!”

அரைமணியில் செண்பகத்தின் ஆட்கள் தூக்குவாளிகளோடு தெருவையே அடைத்தார்கள். அல்வாவை ஈ மொய்த்தது.

தனகோபாலின் போனை வாங்கிப் பார்த்த உலகநாதன், “எல்லாமே துருக்கி நாட்டுப் பெயரா இருக்கே! காசுக்கு வாங்கினதா?” என்றார். சாவியைச் செண்பகத்திடம் நீட்டினார். அவள் சிரித்தாள்.

“கொஞ்சம் பொறுங்க, சார். அண்ணாச்சி ஆளுங்க துருக்கியிலிருந்து பஸ் பிடிச்சு வரணும்ல!”