கீழ்ப்பல்லும் மேல்பல்லும் நடுவே ஒரு சொல்லும்

ஒரு வாய் இருந்தது. காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராக இருந்த நாச்சிமுத்துவின் வாய். யார் எதைக் கேட்டாலும் அதிலிருந்து ஒரே சொல்தான் வெளியே வரும்: "ஆகட்டுங்க."

பந்தியை முன்கூட்டியே ஆரம்பிக்கச் சொன்னாலும் ஆகட்டுங்க. தள்ளிப் போடச் சொன்னாலும் ஆகட்டுங்க. மேளக்காரர்களுக்கு மாடியில் இடம் கேட்டார்கள், ஆகட்டுங்க. அதே இடத்தைப் பூக்கட்டுகிறவர்கள் கேட்டார்கள், அதற்கும் ஆகட்டுங்க. ஊரில் அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள். அவர் வாய்க்குள் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த வாயின் வலது பக்கம், கீழ் வரிசையில், ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. கீழ்ப்பல் என்றே சொல்லிக்கொள்வோம். ஒரு காலத்தில் கரும்பா, கடலையுருண்டையா, எது வந்தாலும் ஒரு கை பார்த்த பல். இப்போது மேடெல்லாம் தேய்ந்து, தலை மழுங்கி, சப்பட்டையாகிக் கிடந்தது. சில்லென்று எது பட்டாலும் உயிர் போய் உயிர் வரும். பக்கத்துப் பல்லைப் போன வருஷம்தான் பிடுங்கி எறிந்தார்கள். அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்தது நாம்தான் என்று கீழ்ப்பல்லுக்கு வேர் வரைக்கும் நடுங்கும்.

இதற்கெல்லாம் காரணம் யார் என்பதில் அதற்குச் சந்தேகமே கிடையாது. நேர் மேலே இருந்த மேல்பல்தான்.

"ஏப்பா, படுத்துத் தூங்கற நேரத்துல வந்து என் தலையை நறநறன்னு உரசறயே, உனக்கு வேற பொழப்பே இல்லியா?" என்றது கீழ்ப்பல்.

"நான் வர்றனா? நல்லா இருக்குது நாயம்! மண்டை எலும்போட ஒட்டிக் கெடக்கறவன் எப்படி எறங்கி வருவேன்? தாடை மேல உக்காந்து சவாரி செஞ்சுட்டு வந்து முட்டறவன் நீ!" என்றது மேல்பல்.

கீழ்ப்பல்லிடம் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள் எல்லாரும் செய்வதை அதுவும் செய்தது. இன்னும் சத்தமாகச் சண்டை போட்டது.

நடுவில் படுத்திருந்த நாக்கு இரண்டு பக்கமும் புரண்டு சமாதானம் சொல்லும். "அட, உடுங்கப்பா. நீயும் நல்லவன்தான், அவனும் நல்லவன்தான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. நாச்சிமுத்துவின் நாக்கு வேறு எப்படி இருக்கும்?

ஒரு நாள் மத்தியானம் நாச்சிமுத்து ஒரு வாய் மோர் குடித்தார். குடித்தவர் டம்ளரைப் போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில், அவர் மனைவி ருக்குமணி வேறு பேச்சே பேசவில்லை. நேரே பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

"ஆகட்டுங்க," என்றார் நாச்சிமுத்து.

"கடிப்பாருங்க டாக்டர்," என்றாள் ருக்குமணி. "பக்கத்துல படுத்தா மாவு மில்லுல படுத்தாப்பல இருக்குது."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். தேய்ந்த இடத்தைச் சுத்தம் செய்து, பல் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். கீழ்ப்பல்லுக்கு இழந்த மேடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. மேல்பல்லுக்கும் அப்படியே செய்தார். பிறகு ஒரு நீலத் தாளை இரண்டுக்கும் நடுவில் வைத்து, "மெதுவா கடிங்க," என்றார். எங்கே அதிகம் இடிக்கிறது என்று பார்க்கத்தான்.

தாளை எடுத்துவிட்டுச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டபோதுதான் கீழ்ப்பல் முதல்முறையாக மேல்பல்லின் தலையைப் பார்த்தது. பசை பூசாத ஓரமெல்லாம் தேய்ந்து மஞ்சள் பூத்திருந்தது. நடுவில் ஒரு நீலப் பொட்டு. தன் தலையிலும் அதே இடத்தில் அதே நீலப் பொட்டு.

"அட, உனக்குமா தேஞ்சு போச்சு?"

"பின்ன? உன்னை முட்டி முட்டி எனக்கு மட்டும் வளருமாக்கும்!"

கீழ்ப்பல்லுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக இவனையா திட்டினோம் என்று வருத்தப்பட்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "நான் கட்டிக் குடுத்துட்டேன். ஆனா இப்படியே கடிச்சீங்கன்னா இதுவும் தேயும். அடுத்து நரம்பு. கீழ இருக்கிறது ஏற்கெனவே ரொம்ப மோசம், அப்புறம் பிடுங்கறதைத் தவிர வழியில்லை. ராத்திரிக்கு ஒரு கவசம் தர்றேன், போட்டுக்குங்க. ஆனா எதை நெனச்சுக் கடிக்கிறீங்கன்னு நீங்கதான் பாக்கணும்."

"ஆகட்டுங்க," என்றார் நாச்சிமுத்து.

வீடு திரும்பும் வழியில் இரண்டு பற்களும் தாடையைப் பிடித்துக்கொண்டன. "எங்களை மோத விடறது நீதான?"

"எனக்கு என்ன வேண்டுதலா?" என்று தாடை அலுத்துக்கொண்டது. "தொண்டையில இருந்து ஒருத்தன் ஏறி ஏறி வர்றான். அவனை வெளிய உடாதேன்னு நாக்கு சொல்லுது. நான் இறுக்கறேன். பகல்ல அடக்குனவன் ராத்திரி எந்திரிச்சு வர்றான். மறுபடியும் இறுக்கறேன். நடுவுல நீங்க மாட்டிக்கறீங்க, அவ்வளவுதான்."

யார் அந்த ஒருத்தன் என்று பார்த்துவிடுவது எனப் பற்கள் முடிவு செய்தன. ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கே வந்துவிட்டான்.

அந்த மண்டபத்தில் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு ஏசி ரூம். அதைப் பெண் வீட்டார் முதலில் கேட்டிருந்தார்கள், ஆகட்டுங்க என்றிருந்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அதற்கும் ஆகட்டுங்க என்றிருந்தார். இப்போது பெண் வீட்டார் உள்ளே பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் பெரியப்பா கையை நீட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"ஏனுங் மேனேஜர், கீழ் ரூம் சாவி குடுங்க. அவங்களைக் காலி பண்ணச் சொல்லிருங்க."

தொண்டையில் ஏதோ அசைந்தது. ஒரு சொல் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தது. பற்கள் ஏதோ பெரிய ரௌடியை எதிர்பார்த்திருந்தன. வந்ததோ, ஒல்லியாக, வேர்த்து விறுவிறுத்து, கூச்சத்தோடு நின்ற ஒரு சொல். அதன் பெயர் 'முடியாது'.

"கொஞ்சம் வழி உடுங்கண்ணா," என்றது அது. "தெனமும் வர்றேன், தெனமும் திருப்பி அனுப்பறாங்க."

"பூட்டு, பூட்டு!" என்று நாக்கு பதறியது. "இவன் வெளிய போனா மானம் போயிரும். மாப்ளை ஊட்டுக்காரங்க மண்டபத்தையே தலைகீழாக்கிருவாங்க!"

தாடை இறுக ஆரம்பித்தது. புதிதாகக் கட்டிய மேட்டில் சின்னதாக ஒரு முறுகல் கேட்டது. கீழ்ப்பல்லுக்குப் பயத்தில் நரம்பு கூசியது.

"நிறுத்து!" என்று அது கத்தியது. "அவன் வெளிய போனா மானம் போகும்னு சொல்றே. உள்ளயே இருந்தா என் உசிரு போகும். பக்கத்துல இருந்தவன் எங்க போனான்னு தடவிப் பாத்துச் சொல்லு!"

நாக்கு காலி இடத்துக்குப் போனது. அது தினமும் போகிற இடம்தான். பல் போன நாளிலிருந்து அங்கே தடவிப் பார்க்காத பொழுதே அதற்குக் கிடையாது. ஏன் போயிற்று என்று மட்டும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தது. அழுகை வந்துவிட்டது அதற்கு.

"நாந்தான் அவனைத் தின்னுட்டனா?" என்றது.

தாடை தளர்ந்தது. மேல்பல் இருந்த இடத்திலேயே இருந்தது, கீழ்ப்பல் கீழே இறங்கி வழி விட்டது. நாக்கு அந்தச் சொல்லைத் தூக்கி நிறுத்தி, போகிற போக்கில் பழக்க தோஷத்தில் ஒரு 'ங்க' சேர்த்து, வெளியே அனுப்பியது.

"முடியாதுங்க," என்றார் நாச்சிமுத்து. சொன்னது தான்தானா என்று அவரே திடுக்கிட்டார். "அவங்க மொதல்ல கேட்டாங்க, குடுத்துட்டனுங்க. உங்களுக்கும் ஆகட்டும்னு சொன்னது என் தப்புங்க. மாடியில ரெண்டு ரூம் தர்றனுங்க."

பெரியப்பா முறைத்தார். வாய்க்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? மாடியில ஃபேன் ஓடுமா?"

"ஓடுமுங்க."

"அப்பச் சாவியைக் குடு."

அவ்வளவுதான். மண்டபம் தலைகீழாகவில்லை. மேளம் கூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் ருக்குமணி பந்தியில் மீந்த கடலையுருண்டைகளை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "ஏனுங், நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு எங்காச்சும் போயிட்டு வரலாமா?"

"ஆகட்டும்," என்றார் நாச்சிமுத்து.

கீழ்ப்பல் பழக்கத்தில் இறுகக் காத்திருந்தது. தொண்டையிலிருந்து யாரும் ஏறி வரவில்லை. அந்த ஆகட்டுமுக்குப் பின்னால் எதுவும் மிச்சமில்லை.

"ஏப்பா, கடலையுருண்டை வருது," என்றது மேல்பல். "ஏறி வா."