கனவில் வடித்த தேறல்

மலையேற அலுத்துக்கொண்டு மேகமெல்லாம் வீதியிலேயே படுத்துக் கிடக்கும் மஞ்சுக்கோட்டை நாட்டை, முன்னொரு காலத்தில் முகிலவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் மதியம் உண்டு உறங்கி எழுந்தாரென்றால், கனவில் என்ன கண்டாரோ அதுதான் அன்றைய சட்டம். ஒருமுறை கனவில் வெள்ளை யானைகளைப் பார்த்துவிட்டு, கோட்டை யானைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். நல்லவேளை, மழை வந்து யானைகளைக் காப்பாற்றியது.

அந்நாட்டு மலைச்சரிவில் தும்பை என்றொரு பெண் இருந்தாள். தினையை ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவிட்டு அவள் வடிக்கும் தேறலைக் குடித்தவர்கள் கொஞ்ச நேரம் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார்கள். கணவாய் வழியே உப்புமூட்டை சுமந்து வருகிறவர்கள் இளைப்பாற ஒரு தேறல் சாலை திறக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வருஷத்து விளைச்சலை ஒரு படிகூட விற்காமல் குவித்து வைத்துவிட்டு, அரண்மனைக்கு அனுமதி கேட்கப் போனாள்.

அனுமதி ஓலைகளுக்கெல்லாம் தலைவர், ஓலைநாயகம் சேந்தனார். அரண்மனைக்குக் கள் அனுப்புகிறவர் அவருடைய மைத்துனர். அந்தக் கள்ளைக் குடித்தால் பல் கூசும். நல்ல தேறல் ஊருக்குள் வந்துவிட்டால் மைத்துனர் பாடு என்னாவது?

"தாராளமாகத் திற, அம்மா!" என்றார் சேந்தனார், தேனொழுக. "ஊற்று அதிகாரியிடம் தண்ணீர் ஓலை மட்டும் வாங்கி வந்துவிடு."

ஊற்று அதிகாரி, "முதலில் அடுப்பு ஓலையைக் காட்டு," என்றார். அடுப்பு அதிகாரி, "வாசனை ஓலை இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது," என்றார். வாசனை அதிகாரி மூக்கைச் சொறிந்துகொண்டு, "சுவை ஓலை எங்கே?" என்றார். சுவை ஓலையைத் தருகிறவர் சேந்தனாரேதான்.

"ஒரு குவளை கொண்டு வா. சுவைத்துப் பார்த்துத் தருகிறேன்."

"அப்போ வடிச்சுக் கொண்டாரட்டுங்களா, ஐயா?"

"ஐயையோ! சாலைக்கென்று ஓலை இல்லாமல் வடித்தால் நாடு கடத்திவிடுவார்களே, அம்மா!"

தும்பை சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள். தாழ்வாரங்களுக்குள் பனி புகுந்து, எந்த அறையிலிருந்து வந்தோம், எந்த அறைக்குப் போகிறோம் என்றே தெரியவில்லை. தூக்கத்தில் நடக்கிறோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தினைக்குவியலில் கைவிட்டுப் பார்த்தாள். ஓரமெல்லாம் ஈரம் ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து அழுதாள்.

அதே மதியம், அரசருக்கு ஒரு கனவு. தரையெல்லாம் மேகம். தினமும் தாழ்வாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற அந்தப் பெண் மேகத்தின் மேல் நடந்து வந்து, மண்குவளை ஒன்றை நீட்டுகிறாள். பொன்னிறத் தேறல். குடித்தார். மழை நின்ற புல்வெளியில் சின்னப்பிள்ளையாகப் படுத்துக் கிடப்பதுபோல் இருந்தது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே எழுந்து, அப்படியே சபைக்கு ஓடிக் கனவைச் சொன்னார்.

"அந்தத் தேறல் எனக்கு வேண்டும்!"

சேந்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சட்டென்று சமாளித்துக்கொண்டார். "மன்னா! தும்பை என்ற அந்தப் பெண்ணுக்கு ஓர் ஓலைகூட இல்லை. தங்கள் கனவுக்குள்ளேயே நுழைந்து திருட்டுத்தனமாக வடித்திருக்கிறாள். என்ன துணிச்சல்! நாடு கடத்தவேண்டிய குற்றம்!"

சபையில் சிலர் சிரித்தார்கள். அரசர் சிரிக்கவில்லை. கனவென்றால் அவருக்கு விளையாட்டில்லை. "நாளைக்கே அவளைக் கூட்டி வாருங்கள்!" என்றார்.

மறுநாள் தும்பை சபையில் வந்து நின்றாள். குற்றச்சாட்டைத் தலைகுனிந்து கேட்டாள். அப்போது அரசர் தம்மை அறியாமல் உதட்டை நக்கிக்கொண்டதைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"நான் வடிச்சதுதான், மகாராசா. ஒத்துக்கிறேன்."

"கேட்டீர்களா? அவளே ஒப்புக்கொண்டாள்!" என்று துள்ளினார் சேந்தனார்.

"கனவுல நடந்தது சட்டத்துக்குச் செல்லுமுங்களா, ஐயா?"

"செல்லாமல்? அரசர் கண்ட கனவு!"

"அப்போ மகாராசா குடிச்சதும் செல்லுமுங்க. எப்படி இருந்துச்சுங்க, மகாராசா?"

அரசர் கண்ணை மூடினார். "ஆகா! அதுபோல ஒன்றை என் நாக்கு அறிந்ததே இல்லை."

தும்பை சேந்தனார் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "சுவை ஓலையைக் கொடுங்க, ஐயா. உங்களுக்கும் மேல இருக்கிறவரே சுவைச்சுப் பார்த்துட்டாரு."

சபை கொல்லென்று சிரித்தது. சேந்தனாருக்கு வேர்த்துக் கொட்டியது. "அது... அது கனவுச் சுவை! கனவுக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஓலைதான் தரமுடியும். அங்கேயே வடித்துக்கொள்ளட்டும்!"

"அதுவும் நியாயம்தானே?" என்றார் அரசர், குழப்பத்தோடு.

"நியாயந்தாங்க," என்றாள் தும்பை. "நான் அங்கேயே வடிக்கிறேன். மகாராசாவும் அங்கேயே வந்து குடிச்சுக்குங்க. எப்ப வர்றீங்க?"

"எங்கே வருவது?" அரசருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "நேற்றிலிருந்து கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். சேந்தனாரின் மைத்துனர் அல்லவா கள்ளுப்பானையோடு வந்து நிற்கிறார்!"

சிரிப்பு அடங்கியபின், இத்தனை நாள் ஏன் ஓலை கிடைக்கவில்லை என்று அரசர் கேட்டார். தண்ணீர், அடுப்பு, வாசனை, சுவை என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கோடு வளைந்து வளைந்து சேந்தனாரிடமே போய் நின்றது. அரசர் முகம் சிவந்தது.

"இனிமேல் தேறல் சாலைக்கு ஒரே ஓலை போதும். இதோ, என் முத்திரை. சேந்தனாரே, உங்கள் பதவியை இப்போதே இறக்கி வையுங்கள். ஆனால் தினமும் சபைக்கு வரவேண்டும். உங்கள் மைத்துனர் கள்ளை, எல்லார் முன்னாலும், முகம் சுளிக்காமல் ஒரு குவளை குடிக்கவேண்டும்!"

நனைந்த தினையைத் தும்பை ஒதுக்கினாள். மிச்சத்தை அடுப்புச் சூட்டில் உலர்த்தி முளைகட்டினாள். கணவாயில் அவள் தேறல் சாலை எழுந்தது. கொப்பரையின் ஆவி எது, மலையின் பனி எது என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உப்பு சுமந்து வந்தவர்களோடு அரசரும் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். யோசித்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது, தும்பை. ஆனால் கனவில் இன்னும் கொஞ்சம் இனித்தது."

"கண்ணைத் திறந்துக்கிட்டுக் குடிக்கிறீங்களே, மகாராசா," என்றாள் அவள்.

அரசர் கண்ணை மூடிக்கொண்டு மீதியைக் குடித்தார். குவளையைத் திருப்பித் தர வெகுநேரம் ஆயிற்று.