பச்சைத் துணிக்குள் விலை பேசிய கை

சுத்தி வளைக்க வேண்டாம். மாட்டுத் தரகர் நஞ்சப்பனின் வலது கை விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. மிரண்ட காளை ஒன்று கயிற்றோடு சேர்த்து இழுத்ததில் நரம்பு அறுந்து, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, தையல் பிரித்து, இன்றுதான் சந்தைக்குத் திரும்பியிருந்தார். விரல் மடங்கும், நீளும். டீ கிளாஸைப் பிடித்தால் சூடா ஜில்லா என்று மட்டும் தெரியாது. இது அவருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

வேறு வேலை என்றால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மாட்டுத் தரகே விரலில்தான் இருக்கிறது. கையைத் துண்டால் மூடி, அதற்குள் யாபாரி எத்தனை விரலைக் கொடுக்கிறாரோ அதுதான் விலை. வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. மாட்டை வளர்த்தவருக்கும் தெரியாது. அது தரகர்களுக்கு ரொம்ப வசதி. இன்று ஒரு மாட்டையாவது விற்றுக் காட்டாவிட்டால், இனி நஞ்சப்பனின் துண்டுக்குள் எவனும் கை விடமாட்டான்.

அதனால் கைக்குப் பதில் வாயை இறக்கினார். டீக்கடை பெஞ்சு முழுக்க ஆள்.

"ஆறு டாக்டருங்க. என்ர கை மேல பச்சைத் துணியைப் போட்டு மூடினாங்க பாருங்க, அங்கதான் தப்புப் பண்ணிப்போட்டாங்க."

"அதுலென்ன தப்பு?" என்றார் யாபாரி காளியண்ணன். எதையும் நம்பாத ஆள். பாலில் தண்ணி இல்லை என்றால்கூட நம்பமாட்டார்.

"துணி மூடினா என்ர கை சும்மா கெடக்குமா? நான் மயக்கத்துல இருக்கறேன். கை பாட்டுக்குப் பெரிய டாக்டர் விரலைப் புடிச்சு ஆபரேசன் செலவைப் பேச ஆரம்பிச்சிருச்சு. பாதிக்கு எறங்கி வந்துட்டாரு மனுசன்."

"மயக்கத்துல இருந்தவருக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

"பில்லைப் பாத்தேனுங்களே."

காளியண்ணன் மீசையை நீவிக்கொண்டார். நஞ்சப்பன் விடவில்லை.

"அதோட நிக்கலீங்க. மயக்க ஊசி போட்டவர் ஒரு பக்கம், எக்ஸ்ரே டாக்டர் ஒரு பக்கம். துணியை எடுக்கறதுக்குள்ள இவரு காரு அவருக்குப் போயிருச்சு."

"தரகு?"

"ரெண்டு பக்கமும்தான். ஆசுபத்திரின்னு வழக்கத்தை மாத்த முடியுமா?"

யாரோ சிரித்தார்கள். அது போதும் அவருக்கு.

"கேளுங்க. விரலுக்குப் பயிற்சின்னு ஒரு ரப்பர் பந்தைக் குடுத்துப் பிசையச் சொன்னாங்க. பிசைஞ்சேன். பால் வந்துருச்சு."

டீக்கடைக்காரர் ஆற்றிய டீ பாதியில் நின்றது.

"எத்தனை லிட்டருங்க?"

"மொதல்ல சீம்பால். அப்பறம் வார்டு முச்சூடும் டீ அதுலதான். சாயங்காலம் மட்டும் கொஞ்சம் கம்மி. நான் ஊட்டுக்குக் கெளம்பறப்ப அந்தப் பந்து கத்தின கத்து இருக்குதே, நர்சம்மாவே அழுதுபோட்டாங்க."

செவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்தபடி இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த மாராத்தாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங் தரகரே, பந்தைக் கறந்தது போதும். என்ர மாட்டை வித்துக் குடுங்க. வெயில் ஏறுது."

நஞ்சப்பன் தோள் துண்டை எடுத்தார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"நானே பாக்கறேன்" என்று காளியண்ணன் எழுந்து வந்தார். கை மேல் துண்டு விழுந்தது. உள்ளே ஏதோ நஞ்சப்பனின் விரல்களுக்குள் வந்து சேர்ந்தது. எத்தனை விரல்? ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த வித்தையைத்தான் காட்டினார். நெற்றியைச் சுருக்கினார். உச்சுக் கொட்டினார்.

"இது கட்டாதுங்க. ரெண்டாம் ஈத்து மாடு. ஏத்திக் குடுங்க."

கொஞ்சம் பொறுத்தார். நன்றாக அழுத்தினார்.

"ம். இப்பத்தான் வழிக்கு வர்றீங்க. இன்னும் ஒரு வெரல்."

பெஞ்சில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான். நஞ்சப்பன் நிமிர்ந்தார். காளியண்ணன் ஒரு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் மீசையை நீவிக்கொண்டிருந்தார். அவருக்கு இருப்பதே ரெண்டு கை.

டீக்கடைக்காரர் துண்டைத் தூக்கினார். கடைத் தாரிலிருந்து பிய்த்த ரெண்டு வாழைப்பழம். கூழாகி, தோல் பிதுங்கி, நஞ்சப்பனின் விரல் இடுக்கெல்லாம் வழிந்தது.

பெஞ்சே ஆடியது. நஞ்சப்பன் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு முகம் மாறாமல் சொன்னார்:

"பழம்னு தெரிஞ்சுதான் பேசினேன். அதுகூட ஒரு வெரல் ஏத்திக் குடுத்துச்சு. நீங்க இதுவரைக்கும் குடுத்திருக்கீங்களா?"

"கை செத்துப்போச்சுன்னு சொல்லிப்போட்டுப் போங்க நஞ்சப்பா" என்றார் காளியண்ணன். "இனி உங்க துண்டு மூஞ்சி தொடைக்கத்தான்."

நஞ்சப்பன் டீக்கடைக்காரரிடம் துண்டைக் கேட்டுக் கையை நீட்டினார்.

மாராத்தாள்தான் வந்தாள். நசுங்கிய பழத்தை வழித்துப் பசுவுக்குக் கொடுத்தாள். துண்டை வாங்கி மாட்டின் வாயைத் துடைத்துவிட்டுத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"துண்டு எங்கிட்ட இருக்கட்டும். நீங்க வாயால பேசி வித்துக் குடுங்க. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி, சத்தமா."

சுற்றி நின்ற மற்ற தரகர்கள் எல்லாரும் அவரவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். காளியண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, பந்துல பால் கறந்த வாய். அதையா நம்பறே?"

"நம்புல" என்றாள் மாராத்தாள். "ஆனா அது சொல்ற பொய்யாச்சும் என்ர காதுல உழுகுதில்ல."