கோட்டின் மேல் ஒரு கால்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தொன்று. அதனால் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார்.

குரு ஜெனிட்டா, மாநில அளவில் கூடைப்பந்து நடுவர். சீடர் தவசிமுத்து, ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். நடுவர் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். முதல் முறை ஒரே ஆட்டத்தில் எழுபத்து நான்கு தடவை விசில் ஊதினார். 'ஆட்டமே நடக்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள். அடுத்த முறை பயந்துபோய் எல்லாவற்றையும் விட்டார். 'நடுவர் இருந்ததாகவே தெரியவில்லை' என்று எழுதினார்கள். இது மூன்றாவது. நாற்பத்திரண்டு ஆகிவிட்டால் சங்கம் விண்ணப்பமே வாங்காது.

பெண்கள் இறுதி ஆட்டம் காலை ஒன்பதுக்கு. தவசிமுத்து ஏழுக்கே மைதானத்தில் நின்றார். கையில் ஒரு நோட்டு.

"மேடம், சின்னச் சின்னத் தப்புல எதை ஊதணும், எதை விடணும்? ஒரு லிஸ்ட் மாதிரி சொன்னீங்கன்னா மனப்பாடம் பண்ணிடுவேன்."

ஜெனிட்டா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். "விதிப் புத்தகம் படிச்சீங்கல்ல?"

"நாலு தடவை. சில எடத்துல விடலாம்னு இருக்கு. எவ்வளவு விடலாம்னு இல்லையே."

"காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சா கை நடுங்கும் மேடம்."

"இப்பவும் நடுங்குது" என்றார் ஜெனிட்டா.

விதி தவசிமுத்துவுக்கு வெறும் புத்தகம் இல்லை. அவர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். யார் சிபாரிசும் இல்லாமல், கேட்ட சான்றிதழைக் கேட்ட தேதியில் கொடுத்து, கோடு போட்ட இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு மேலே வந்தவர். ஒரு சின்னப் பிழை போதும், எல்லாம் போய்விடும் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தார். தன் பிழைக்கு இல்லாத மன்னிப்பை அடுத்தவர் பிழைக்கு எங்கிருந்து எடுத்துத் தருவது?

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் அணிக்கும் நீல அணிக்கும் போட்டி. நடுவர்கள் குருவும் சீடரும். தேர்வாளர் மரியதாஸ் எல்லைக்கோட்டுக்கு வெளியே குடை பிடித்து, மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

கூடைக்குக் கீழே கோடு போட்ட ஒரு கட்டம் உண்டு. பந்தை வைத்திருக்கும் அணியின் ஆட்டக்காரர் அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குத் தனிக் கடிகாரம் கிடையாது. நடுவர் மனசுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

மஞ்சள் அணியின் பதினொன்றாம் எண், நெட்டையான பெண். ஓடி வந்து கட்டத்துக்குள் நின்றாள். தவசிமுத்து எண்ணினார். ஊதினார். பந்து நீல அணிக்குப் போனது.

"சார், இப்பதானே உள்ள வந்தேன்!"

"மூணு ஆச்சும்மா."

சற்று நேரத்தில் அவளுக்கே மறுபடியும் ஊதினார். வேப்பமரத்தடியில் வேடிக்கை பார்த்த கூட்டம் சும்மா இருக்குமா?

"சாரு, விசிலைத் துப்பிட்டு வெளாட விடும்!"

"ஏ, அவரு டிராஃபிக்குல நிக்க வேண்டிய ஆளுல. வழி தவறி இங்க வந்துட்டாரு."

இடைவேளையில் தவசிமுத்து குருவிடம் ஓடினார். "அந்தப் பொண்ணு உள்ளயே நிக்குது மேடம். எத்தனை தடவைதான் ஊத?"

ஜெனிட்டா கைப்பேசியை எடுத்தார். "கண்ணை மூடி மூணு செகண்ட் எண்ணுங்க. முடிஞ்சதும் சொல்லுங்க."

தவசிமுத்து கண்ணை மூடினார். "ஆச்சு."

ஜெனிட்டா திரையைக் காட்டினார். ஒன்று புள்ளி ஏழு.

"இது யாரு எண்ணின மூணு சார்?"

அப்படியென்றால் அந்தப் பெண் சொன்னது நிஜம். மஞ்சள் அணி அப்போது நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது.

"ரெண்டு தப்பா ஊதிட்டேன். இனிமே அது நின்னா ஒண்ணு ரெண்டு விட்டுடவா மேடம்? சரியாப் போகும்ல?"

"மூணு தப்பாப் போகும்" என்று சொல்லிவிட்டு ஜெனிட்டா தண்ணீர் குடிக்கப் போனார்.

இரண்டாம் பாதியில் பதினொன்று கட்டத்துக்குள் வேர் பிடித்தாற்போல் நின்றாள். நீலப் பெண்ணை முதுகால் அடைத்துக்கொண்டு, கையைத் தூக்கிப் பந்தைக் கேட்டாள். தவசிமுத்து எண்ணினார். முடித்த பிறகும், நம்பாமல், இன்னொன்று எண்ணினார். பந்து அவள் கைக்கு வந்தது. ஊதினார். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

கடைசி ஒன்பது விநாடி. மஞ்சள் அணி ஒரு புள்ளி பின்னால்.

பந்து வலது மூலையில், மஞ்சள் அணியின் குள்ளப் பெண்ணிடம். பதினொன்று இடது பக்கத்தில் நின்றாள். நின்றாள் என்றுகூடச் சொல்ல முடியாது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் வெளியே. ஒரு கால் கோட்டின் மேல். கோட்டை மிதித்தாலும் கட்டத்துக்குள் இருப்பதாகத்தான் கணக்கு.

ஒன்று. இரண்டு.

அவளைச் சுற்றி நீலச் சட்டை ஒன்றுகூட இல்லை. பந்தும் அவள் பக்கம் வரப்போவதில்லை.

மூன்று. எப்படி எண்ணினாலும் மூன்றுதான்.

விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. தேர்வாளரின் குடை கடைக்கண்ணில் தெரிந்தது. தவசிமுத்து வாயைத் திறந்தார். விசில் கயிற்றோடு நெஞ்சில் விழுந்தது.

"பதினொண்ணு, கால்!"

அவள் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்துக் காலை எடுத்தாள். அதே நேரத்தில் வலது மூலையிலிருந்து பந்து எழும்பிக் கூடைக்குள் இறங்கியது. மணி அடித்தது.

நீல அணியின் பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். "மூணு செகண்ட் சார் அது! கண்ணை அடகு வச்சிட்டீரா?"

மரியதாஸ் கையசைத்துத் தவசிமுத்துவைக் கூப்பிட்டார்.

"பதினொண்ணு கட்டத்துல இருந்தாளா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. பயிற்சியாளர் என்ன கத்தினாலும் நடுவர் சொல்வதுதான் நிற்கும்.

"இருந்தா சார்."

"மூணு தாண்டிச்சா?"

"தாண்டிச்சு."

"ஏன் ஊதல?"

"அது யாரையும் மறிக்கல சார். பந்தும் அங்க இல்ல. சொன்னதும் எடுத்துடுச்சு."

"முன்னாடி மட்டும் மூணு தடவை ஊதினீரே?"

"மூணாவது சரி சார். முதல் ரெண்டும் தப்பு. சீக்கிரமா எண்ணிட்டேன்."

மரியதாஸ் தாளில் ஏதோ எழுதினார். எழுதியதைக் காட்டவில்லை.

"நாளைக்கு ஆண்கள் இறுதி ஆட்டம். நீரும் விசிலோட வாரும்" என்று குடையை மடக்கினார்.

பஸ் நிறுத்தத்தில் தவசிமுத்து கேட்டார்.

"மேடம், நான் விட்டது சரின்னுதான் விட்டேனா? இல்ல, அந்த ரெண்டுக்கு ஈடு கட்டத்தான் விட்டேனா? எனக்கே தெரியல."

ஜெனிட்டா கைப்பேசியை எடுத்தார். "கண்ணை மூடுங்க. மூணு."

தவசிமுத்து மிக மிக நிதானமாக எண்ணினார். "ஆச்சு."

நான்கு புள்ளி நான்கு.

"இதுவும் தப்பா?"

"இதுவும் தப்புதான்."

தவசிமுத்து சட்டென்று நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "அப்ப இதையாவது எழுதிக்கிறேன் மேடம். பந்து அந்தப் பக்கம் இருந்து, ஆளை மறிக்காம, கால் மட்டும் கோட்டு மேல இருந்தா, ஊதாம வாயால சொல்லலாம். சரிதானே?"

பஸ் வந்துகொண்டிருந்தது. ஜெனிட்டா கைகாட்டி நிறுத்தினார்.

"எழுதிக்கோங்க சார். நாளைக்கு அந்தக் கட்டத்துல நிக்கப் போறது வேற ஆளு."